கார் தரையில் 27 லிட்டர்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். சிறிய கார் ஒன்றில் கால் வைக்கும் இடங்களை முன்னும் பின்னும் கூட்டினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தேறும். மேட் வாங்கப் போகிறவர் இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கடையிலோ பேச்சு வேறு திசையில் போகிறது. ஜி.பி. ரோட்டில் வரிசையாக இருக்கும் கார் அலங்காரக் கடைகளில் நிறம் கேட்பார்கள், சீட் கவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள், 5டி வேண்டுமா 7டி வேண்டுமா என்பார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்ற கேள்வி எழுவதே இல்லை. மழைக்கால மேட்டுக்கு அதுதான் முதல் கேள்வி என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க லிட்டர், சென்டிமீட்டர், கிலோ, ரூபாய் ஆகிய நான்கிலேயே நடக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? திறந்த கதவு வழியாக அடிக்கும் சாரலைத்தான் பெரும்பாலோர் குற்றம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பங்கு சின்னது. மணிக்கு 30 மி.மீ. வேகத்தில் கனமழை பெய்கிறது, கதவு 20 நொடி திறந்திருக்கிறது, 0.2 சதுர மீட்டர் தரை நனைகிறது என்று கொண்டால் விழுவது 33 மி.லி. மட்டுமே, கால் டம்ளர்கூட இல்லை. மிச்சம் நம்மோடுதான் ஏறுகிறது. மடக்கிய குடையை இரண்டு தடவை உதறிய பிறகும் அதில் 80 மி.லி. தங்கும் என்று வைத்துக்கொள்வோம். சமையலறைத் தராசில் ஈரக் குடையை ஒரு முறை, காய்ந்த குடையை ஒரு முறை வைத்தால் உங்கள் குடையின் எண் கிடைத்துவிடும். நனைந்த செருப்பிலிருந்தும் பேன்ட் விளிம்பிலிருந்தும் ஆளுக்கு 40 மி.லி. வடியும் என்று கொள்வோம்.

ஓட்டுநர் மட்டும் ஏறினால் 33, 80, 40 சேர்த்து 153 மி.லி. நான்கு பேர் இரண்டு குடைகளோடு ஏறினால் கதவுச் சாரல் 132, குடை 160, கால் 160. ஆக மொத்தம் ஏறத்தாழ 450 மி.லி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்றால் நாளுக்கு 900 மி.லி. பருவத்தில் இப்படி 30 நாள் நனைந்தபடி ஏறினால் 27 லிட்டர். வீட்டுக்கு வரும் குடிநீர் கேன் 20 லிட்டர். அதை ஒன்று முழுதாகக் கவிழ்த்து, அடுத்த கேனிலும் மூன்றில் ஒரு பங்கைக் கார் தரையில் ஊற்றியதற்கு இது சமம். 3 மாதங்களில் சிறுகச் சிறுக வருவதால் கண்ணில் படுவதில்லை.

வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காரில் அது நடக்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். காரின் உள்வெளி சுமார் 3 கன மீட்டர், ஆக முழுக் கொள்ளளவு 90 கிராம். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் ஏற்கெனவே 80 சதவீதம் என்றால் 72 கிராம் நிரம்பியிருக்கிறது. மீதி இடம் 18 கிராம். 450 கிராம் தண்ணீரை அந்தக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டுமானால் காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் 25 முறை மாற வேண்டும். இரவு முழுக்கப் பூட்டி நிற்கும் காரில் அத்தனை முறை மாறுவதற்கு வழியில்லை. வெப்பக் கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. அதனால்தான் டிசம்பர் காலையில் காரில் ஏறியதும் கண்ணாடி உள்பக்கம் பனிமூட்டம் போட்டிருக்கிறது. கார்பெட்டில் இறங்கிய தண்ணீர் வெளியேற முடியாமல் கண்ணாடிக்கும் கார்பெட்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறது.

கார்பெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்த அளவுகளின் கனம் புரியும். மேலே தெரியும் துணிக்கு அடியில் பஞ்சு போன்ற கனமான விரிப்பு ஒன்று இருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இரும்புத் தரை. இரண்டுக்கும் நடுவே ஒயர் கட்டுகளும் அவற்றின் இணைப்புகளும் ஓடுகின்றன. பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில் தரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. மேல் துணியைத் தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் ஈரம் வரும். கடற்கரை ஊர்களில் செருப்போடு வரும் உப்பு மணலும் சேர்ந்துகொண்டால் துருப் பிடிப்பது விரைவுபடும்.

ஆக மேட்டின் வேலை, தண்ணீர் கார்பெட்டுக்குப் போகாமல் தன்மேல் நிறுத்திவைப்பது. இதில் விளிம்பின் உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் பக்க மேட் 65 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம், பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். அதில் 150 மி.லி. தண்ணீர் சமமாகப் பரவினால் உயரம் வெறும் அரை மி.மீ. இதற்கு எதற்கு விளிம்பு என்று தோன்றும். கார் நின்றுகொண்டே இருந்தால் தேவையில்லைதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் 4 நொடியில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த 4 நொடியும் உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு, 10 செ.மீ.க்கு 2.8 செ.மீ. என்ற சரிவில் சாய்ந்து நிற்க முயலும். 150 மி.லி.யும் ஒரு பக்கமாகத் திரண்டு விளிம்பில் 1.35 செ.மீ. உயரம் ஏறும். 300 மி.லி. இருந்தால் 1.9 செ.மீ. வேகத்தோடு மோதும்போது தெறிப்பது இதற்கு மேல். சிக்னலில் இருந்து சீறிக் கிளம்பினால் இதே கணக்கு பின்விளிம்புக்குப் பொருந்தும். முன்பக்கம் பெடலை நோக்கித் தரையே மேடாக இருப்பதால் ஓரளவு காப்பாற்றும். பின்விளிம்புக்கும் பக்க விளிம்புகளுக்கும் அந்த உதவி கிடையாது. வாங்கும்போது அளக்க வேண்டிய இடங்கள் அவைதான். என் தீர்ப்பு: சென்னை மழைக்கு 2 செ.மீ.க்குக் குறைந்த விளிம்பு போதாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. தண்ணீரை ஒரே குளமாக விடாமல் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துவிடுவது. அறை 2 செ.மீ. அகலம் என்றால் அதே பிரேக்கில் ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் 5.6 மி.மீ. மட்டுமே. 6 மி.மீ. ஆழமுள்ள அறைகள் பரப்பில் 60 சதவீதத்தை நிரப்பினால் 0.3 சதுர மீட்டர் மேட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே பிடித்துவைக்கும். ஆழமான வரிப்பள்ளங்களும் உயர்ந்த விளிம்பும் ஒரே மேட்டில் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. பள்ளமும் விளிம்பும் இல்லாத பளபளப்பான மேட் எத்தனை தடிமனாக இருந்தாலும் அரை மி.மீ. தண்ணீரைக்கூட நிறுத்தாது.

இனி சரக்கு. ரப்பர் மேட் என்ற பெயரில் விற்பதில் பெரும்பங்கு ரப்பர் அல்ல, பி.வி.சி. அல்லது டி.பி.ஈ. எனும் உருக்கி வார்க்கும் நெகிழ்பொருள். எடையைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். கரியும் களிமண்ணும் கலந்து பதப்படுத்திய ரப்பரின் அடர்த்தி சுமார் 1.3. எனவே 4 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 5.2 கிலோ. பி.வி.சி.யின் அடர்த்தி சுமார் 1.35, அது 3 மி.மீ. தடிமனில் 4 கிலோ. டி.பி.ஈ. தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியது, 3 மி.மீ. என்றால் 3 கிலோ. தேன்கூடு அறைகள் கொண்ட ஈ.வி.ஏ. நுரை மேட் 10 மி.மீ. தடிமன் இருந்தும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது.

எடை கூடினால் மேட் நகராமல் கிடக்கும் என்பது ரப்பரின் பலம். வெயிலில் நிறுத்தினால் புது ரப்பர் வாடை சில வாரங்களுக்கு இருக்கும், ஆண்டுகள் போனால் விளிம்பில் வெடிப்பு விடும். பி.வி.சி. மலிவு. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் தொடர்ந்து வெந்தால் அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் மெல்ல வெளியேறி, மேட் விறைத்து ஓரங்கள் மேலே சுருளும். சுருண்ட ஓரம் பெடலுக்கு அருகில் இருந்தால் ஆபத்து. டி.பி.ஈ. இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவே நல்ல வழி: வாடை குறைவு, வார்ப்பில் உயர்ந்த விளிம்பு வரும், வெயிலைத் தாங்கும். விலைதான் கூடுதல். ஈ.வி.ஏ. தண்ணீரை அருமையாகப் பிடிக்கும், குதிகால் படும் இடத்தில் சீக்கிரம் தேயும். அந்த இடத்தில் தனித் தகடு தைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூடுல்ஸ் மேட் என்று கடையில் சொல்லும் சுருள் மேட் மண்ணை நன்றாக மறைக்கும், தண்ணீரையும் அப்படியே மறைத்துவைக்கும். மழைக்காலத்தில் அதைக் காயவைப்பது சிரமம். 7டி மேட் தோல்போன்ற துணி, நுரை, அடிவிரிப்பு என அடுக்கடுக்காகத் தைத்தது. தையல் துளை வழியாகத் தண்ணீர் நுரைக்குள் இறங்கினால் மேட்டே இரண்டாவது கார்பெட்டாகிவிடுகிறது. அழகுக்கு வாங்குவோர் வாங்கட்டும், மழைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்தில் குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் பால்வெட்டும் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் சுமார் 1,400 கிலோ காய்ந்த ரப்பர், ஏறத்தாழ 400 மரம் என்று கொண்டால் மரத்துக்கு 3.5 கிலோ. 5 கிலோ எடையுள்ள ஒரு செட் மேட்டில் 40 சதவீதம் இயற்கை ரப்பர் இருந்தால் 2 கிலோ. அதாவது ஒரு மரம் ஏழு மாதம் கொடுத்த பால். நல்ல ரப்பர் மேட்டை 5 ஆண்டு பாதுகாத்துப் பயன்படுத்துவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

இதுவரை சொன்னதெல்லாம் நான்கு மேட்டுக்கும் பொது. ஓட்டுநர் பக்க மேட்டுக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது, அது உயிர்க்கணக்கு. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே சாண்டி என்ற ஊரில் லெக்ஸஸ் இ.எஸ். 350 கார் ஒன்று கட்டுப்பாடு இழந்து அதிவேகமாகச் சென்று மோதியது. காரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அது, விற்பனை நிலையம் தற்காலிகப் பயன்பாட்டுக்குக் கொடுத்த கார். அதில் கிடந்தது எல்லாப் பருவத்துக்குமான ரப்பர் மேட். ஆனால் அதே நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 400எச் என்ற வேறு வகைக் காருக்கானது. தரையில் இருக்கும் கொக்கியிலும் அது மாட்டப்படவில்லை. ஆக்சிலரேட்டர் பெடல் அந்த மேட்டில் சிக்கிக்கொண்டது என்பதே விசாரணையின் முடிவு.

இதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 2007 செப்டம்பரில், லெக்ஸஸ் கார்களைத் தயாரிக்கும் டொயோட்டா நிறுவனம் இதே சிக்கலுக்காகச் சுமார் 55,000 ரப்பர் மேட்டுகளைத் திரும்பப் பெற்றது. சாண்டி விபத்துக்கு ஒரு மாதம் கழித்து, 2009 செப்டம்பர் 29 அன்று, 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது. நவம்பரில் எண்ணிக்கை 42 லட்சத்தைத் தாண்டியது. பெடலின் கீழ்முனையை வெட்டிக் குட்டையாக்குவதும் அந்தக் கார்களில் செய்த திருத்த வேலையில் அடக்கம். மேட் விஷயத்தில் உரிய நேரத்தில் திரும்பப் பெறவில்லை என்பதற்காக 2010 டிசம்பரில் 1.6375 கோடி டாலர் அபராதம். பாதுகாப்புக் குறைகளை மறைத்ததற்காக 2014 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் கட்டியது 120 கோடி டாலர்.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு வேண்டியது மூன்று செயல்கள். மேட் உங்கள் காரின் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் வார்த்ததாக இருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்பதை ஓட்டுநர் பக்கம் போடக் கூடாது. தரையில் இருக்கும் கொக்கியில் மேட்டின் துளை மாட்டி அமர வேண்டும். பழைய மேட்டின் மேல் புது மேட்டைப் போடவே கூடாது. நம்மூரில் இந்தக் கடைசிப் பழக்கம் மிக அதிகம்: கம்பெனி கொடுத்த துணி மேட், அதன்மேல் ரப்பர் மேட், வாட்டர் வாஷ் முடிந்து வந்தால் அதற்கும் மேலே ஒரு காகிதம். 5 மி.மீ. துணியின் மேல் 10 மி.மீ. மேட் என்றால் பெடலுக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஒன்றரை செ.மீ. போய்விட்டது. கடையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி விடுங்கள். பெடல் எங்கும் உரசாமல் திரும்ப வேண்டும். மேட்டைக் கையால் முன்னே தள்ளிப் பார்த்து மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள்.

ஓடும்போது பெடல் சிக்கினால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஓரமாக நிறுத்திய பிறகு இன்ஜினை அணையுங்கள்.

ரூபாய்க் கணக்குக்கு வருவோம். கீழே வரும் விலைகளும் ஆயுளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கார் 7 ஆண்டு கையில் இருக்கும் என்று கொள்வோம். பொதுவான பி.வி.சி. செட் ரூ.800, ஆயுள் 2 ஆண்டு, ஆக 4 செட்டுக்கு ரூ.3,200. மாடலுக்கு ஏற்ற ரப்பர் செட் ரூ.1,800, ஆயுள் 5 ஆண்டு, 2 செட்டுக்கு ரூ.3,600. உயர்ந்த விளிம்புள்ள டி.பி.ஈ. செட் ரூ.4,500, ஆயுள் 7 ஆண்டு, ஒரே செட். ஈ.வி.ஏ. ரூ.2,500, ஆயுள் 3 ஆண்டு, 3 செட்டுக்கு ரூ.7,500. 7டி ரூ.4,500, ஆயுள் 4 ஆண்டு, 2 செட்டுக்கு ரூ.9,000.

இத்தோடு நிறுத்தினால் பி.வி.சி.தான் வெல்லும். கார்பெட் நனைந்தால் ஆகும் செலவைச் சேர்க்காத கணக்கு அது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, காயவைத்து மறுபடி மாட்ட ஒரு முறைக்கு ரூ.2,500 என்று வையுங்கள். விளிம்பில்லாத பி.வி.சி.க்கு ஆண்டுதோறும் இது தேவைப்பட்டால் 7 முறைக்கு ரூ.17,500, மொத்தம் ரூ.20,700. தாழ்ந்த விளிம்புள்ள ரப்பருக்கு 3 முறை என்றால் ரூ.7,500, மொத்தம் ரூ.11,100. டி.பி.ஈ.க்கு ஒரே முறை என்றால் மொத்தம் ரூ.7,000. சென்னையின் பாதி அளவே மழை பெறும் கோயம்புத்தூரில் இதே ரப்பர் மேட்டுக்கு ஒரு முறை சுத்தம் போதும், மொத்தம் ரூ.6,100தான் ஆகும். அங்கே டி.பி.ஈ.க்கு அதிகம் கொடுக்க அவசியமில்லை.

மேட்டின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. தெருவில் தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தாண்டினால் எந்த மேட்டும் உதவாது. வெள்ளம் வடிந்ததும் முதலில் மேட்டுகளை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவையே ஈரத்தை அடியில் பூட்டிவைக்கும். ஏசியிலிருந்து கசியும் தண்ணீருக்கும் மேட் உதவாது. ஈரப்பதமான நாளில் வெளிக்காற்றை இழுத்து ஓடும்போது ஏசி ஒரு கன மீட்டர் காற்றிலிருந்து 15 கிராம் நீரைப் பிரித்தால், மணிக்கு 100 கன மீட்டருக்கு ஒன்றரை லிட்டர். அந்தத் தண்ணீர் கீழே ஒரு குழாய் வழியாகச் சாலையில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் முன் இருக்கைப் பயணியின் கால் பக்கம் கார்பெட்டுக்குள் இறங்கும். மேலே ரப்பர் மேட் காய்ந்தே கிடப்பதால் யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு முறை மேட்டைத் தூக்கி அடியில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள்.

கழுவிய மேட்டுக்கு டயர் பாலிஷ் பூசச் சம்மதிக்காதீர்கள். செருப்பு வழுக்கும், பிரேக்கிலிருந்து கால் நழுவும்.

நான்கு மேட்டுக்கும் பணம் போதவில்லை என்றால் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டுமாவது மாடலுக்கு ஏற்ற, 2 செ.மீ. விளிம்புள்ள, கொக்கியில் மாட்டும் மேட்டை வாங்குங்கள். மற்ற மூன்றையும் அடுத்த மழைக்குள் வாங்கிக்கொள்ளலாம். வாட்டர் வாஷ் முடிந்து காரைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும், சாவியைத் திருப்பும் முன் குனிந்து அந்தக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.